பைலட் லைசென்ஸ் எந்தத் தண்ணீருக்கு?

ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார்: மகன் செகண்ட் மேட் (கேப்டனுக்குக் கீழுள்ள கப்பல் அதிகாரி) சான்றிதழ் வாங்கிவிட்டான், அடுத்து பைலட் லைசென்ஸ் எடுத்துவிட்டால் தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றிக் கொல்லம் வரை எந்தக் கப்பலையும் அவன் நடத்திக்கொண்டு போகலாமா, அதற்குச் சட்டம் என்னென்ன கேட்கிறது, கப்பல் எங்காவது தட்டினால் யார் தலையில் விழும்? இங்கே பைலட் என்பது விமானி அல்ல; துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி அதை வழிநடத்தும் உள்ளூர்க் கப்பலோட்டி. பார்வைக்கு மூன்று கேள்வி. அடியில் இருப்பது ஒன்றுதான். பைலட்டுக்குச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அது. அந்த எல்லை பிடிபட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வரும்.

முதல் பதிலை நேராகச் சொல்லிவிடுகிறேன். கொல்லம் வரை போக முடியாது. பைலட் லைசென்ஸ் என்று நாம் சொல்வது கடலுக்கான லைசென்ஸ் அல்ல, ஒரு துறைமுகத்துக்கானது. மருதூர் மேலக்காலுக்கு மடை திறக்கிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஸ்ரீவைகுண்டம் வடகால் மடையைத் தொடமாட்டார் அல்லவா, அந்த மாதிரி. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் அங்கீகாரம் பெற்றவர் கொச்சிக்குப் போனால் அங்கே புதிதாகப் பழகி, அங்கே தேர்வு எழுதி, அங்கே அங்கீகாரம் வாங்க வேண்டும். துறைமுக எல்லைக்கு வெளியே, தூத்துக்குடிக்கும் கொல்லத்துக்கும் நடுவே உள்ள கரையோரக் கடலில், சாதாரண வணிகக் கப்பல் பைலட்டை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. அங்கே கப்பலை நடத்துவது கேப்டனும் அவருடைய மேட்டுகளும்தான்.

இந்தக் குழப்பம் அண்ணாச்சிக்கு மட்டும் வருவதல்ல. கரையோரக் கடலுக்கே பைலட்டைக் கட்டாயமாக்கிய நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் கிரேட் பேரியர் பவளத்திட்டின் உள்வழிக்கு 1991 முதல் கட்டாயப் பைலட் உண்டு; பின்னால் டாரஸ் நீரிணையும் சேர்ந்தது. 70 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களும், எந்த நீளமானாலும் சரக்கோடு வரும் எண்ணெய், ரசாயன, எரிவாயுக் கப்பல்களும் அங்கே கரையோரப் பைலட் இல்லாமல் போகக்கூடாது. அந்தப் பைலட்டுகளுக்கு லைசென்ஸ் கொடுப்பது துறைமுகம் அல்ல, நாட்டின் கடல் பாதுகாப்பு அமைப்பு. இணையத்தில் கரையோரப் பைலட் சட்டம் என்று தேடினால் பெரும்பாலும் இது போன்ற விதிகள்தான் வந்து விழும். அதை நம்மூருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நம்மிடம் அதற்கு நெருங்கிய ஒன்று ஹூக்ளி. கொல்கத்தாவுக்குப் போகும் கப்பல் 200 கிலோமீட்டருக்கு மேல் பைலட்டோடு வர வேண்டும். ஆனால் அதுவும் சட்டப்படி ஒரு துறைமுகத்துக்குள் நுழையும் வழிதான்.

நம் பக்கத்திலும் ஒரு விதிவிலக்கான இடம் இருக்கிறது: பாம்பன். மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குப் போகும் சிறு கப்பல்களும் பார்ஜ் எனும் மிதவைக் கலங்களும் ரயில் பாலத்தின் தூக்கு இடைவெளி வழியாகத்தான் கடக்க வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் அந்த இடைவெளி 72.5 மீட்டர். அங்கே துறைமுக அலுவலகத்தின் அனுமதியும், ரயில்வே பாலத்தைத் தூக்கும் நேரமும், நீரோட்டத்தை அறிந்த உள்ளூர் பைலட்டும் ஒன்றுகூட வேண்டும். சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டம், 2005-ல் தொடங்கியது, நிறைவேறியிருந்தால் நம் கரையில் உண்மையான கரையோரப் பைலட் வேலை ஒன்று பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். குறுகலான, மண் தூர்ந்துகொண்டே இருக்கிற அப்படிப்பட்ட வழியில் பெரிய கப்பலைப் பைலட் இல்லாமல் விட எந்த நிர்வாகமும் துணியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நூறாண்டுக்கு மேல் இந்த வேலையைத் தாங்கி நின்றது 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டம். பைலட் என்றால் கப்பல்களை வழிநடத்த அரசு அப்போதைக்கு அங்கீகரித்திருக்கும் நபர் என்று அது ஒரே வரியில் சொல்லிவிட்டது. அந்த ‘அப்போதைக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டம் போல வாழ்நாள் முழுவதும் கூட வருவதல்ல இது. கொடுத்தவர் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகாரம். கட்டாயம் பற்றிப் பேசியது 31-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு பொருந்தும் என்று அறிவித்த துறைமுகத்தில் 200 டன்னும் அதற்கு மேலும் அளவுள்ள கப்பல் பைலட்டோ, துறைமுகத்தில் கப்பல் நடமாட்டத்தைக் கவனிக்கும் ஹார்பர் மாஸ்டரோ, அவருடைய உதவியாளரோ மேலே இல்லாமல் நுழையவோ, வெளியேறவோ, உள்ளே இடம் மாறவோ கூடாது என்றது அது. 200 டன்னுக்குக் குறைந்த எந்திரக் கப்பலும், 100 டன்னுக்கு மேல் 200-க்குள் உள்ள பாய்க்கப்பலும் துறைமுகக் காப்பாளரிடம் (கன்சர்வேட்டர்) எழுத்தில் அனுமதி வாங்கினால் பைலட் இல்லாமல் நகரலாம் என்றும் சொன்னது.

இந்த டன் கணக்கில் நம் தோணிக்காரர்கள் அடிக்கடி தடுமாறுவார்கள். 300 டன் சரக்கு ஏற்றுகிற தோணி என்றால் 200 டன் கோட்டைத் தாண்டிவிட்டது என்று ஆகாது. சரக்கின் டன் எடை. பதிவுச் சான்றிதழில் உள்ள டன் கொள்ளளவு. பழைய பதிவு டன் ஒன்று 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். தோணியை நடத்தும் தண்டல் கையில் வைத்திருக்கும் டன்னேஜ் சான்றிதழில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

2025-ல் நாடாளுமன்றம் புதிய இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தை நிறைவேற்றி 1908-ஐ நீக்கியது. பெரிய துறைமுகங்களின் நிர்வாகத்துக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் வந்துவிட்டது. அப்படியானால் பழைய சட்டத்தின்கீழ் எழுதிய பைலட் ஒழுங்குவிதிகள் செத்துப்போனதா என்று கேட்கலாம். இல்லை. ஒரு சட்டத்தை நீக்கி அதே பொருளில் மறுசட்டம் இயற்றும்போது, பழையதன்கீழ் போட்ட விதிகளும் ஆணைகளும் புதியதோடு முரண்படாத அளவுக்கு, வேறு விதி வரும்வரை உயிரோடு இருக்கும். 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஆகவே யாராவது மனு எழுதினால் 31-ஆம் பிரிவு என்று பழக்கத்தில் எழுதிவிடாமல், அன்றைய தேதியில் நடப்பிலிருக்கும் சட்டத்தின் பிரிவையும், அந்தத் துறைமுகத்தின் ஒழுங்குவிதியையும் அரசிதழில் பார்த்து எழுதுவது நல்லது. பிரிவு எண் தப்பினால் மனுவுக்கே பிடிமானம் போய்விடும்.

பழைய சட்டத்தில் பைலட் இல்லாமல் நுழைந்ததற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். இதைப் பார்த்து லேசாக எண்ண வேண்டாம். உண்மையான அடி வேறு இடத்தில் விழும். கட்டாயப் பைலட் இல்லாமல் நகர்ந்த கப்பல் எதையாவது உடைத்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க அது போதுமான காரணம். துறைமுகம் கப்பலைப் பிடித்து வைக்கலாம். கேப்டனின் சான்றிதழ் மேல் விசாரணை வரும்.

மகன் பைலட் ஆவதற்கு என்ன வேண்டும் என்பது அடுத்தது. பெரிய துறைமுகங்களில் பைலட் வேலைக்குப் பொதுவாகக் கேட்பது வெளிநாட்டுப் பயணக் கப்பல்களுக்கான மாஸ்டர் சான்றிதழ், அதாவது கேப்டன் தகுதி. செகண்ட் மேட்டுக்கும் அதற்கும் நடுவே இரண்டு படி இருக்கிறது. கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய பன்னாட்டு எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை கேட்கும் குறைந்தபட்சம் இது: சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்தவர்) சான்றிதழுக்கு முறைவைத்துக் கப்பலைக் கவனிக்கும் வாட்ச் அதிகாரியாக 12 மாதக் கடல் சேவை, மாஸ்டருக்கு 36 மாதம், அதில் 12 மாதமாவது சீஃப் மேட்டாக வேலை பார்த்திருந்தால் 24 மாதம். நம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் இதன்மேல் தன் பாடநெறிகளையும் எழுத்து, வாய்மொழித் தேர்வுகளையும் வைத்திருக்கிறது. மாதம் என்றால் கப்பலில் கையெழுத்துப் போட்டு ஏறியதிலிருந்து இறங்கியது வரை உள்ள நாட்கள். வீட்டில் இருக்கும் விடுப்பு ஒரு நாள்கூடச் சேராது. அதனால் 36 மாதம் என்பது நாள்காட்டியில் ஐந்தாறு ஆண்டாகிவிடும். அதோடு ஒவ்வொரு அறிவிப்பிலும் வயது வரம்பு வேறு இருக்கும். சாவகாசமாகப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் மாஸ்டர் கையில் வரும்போது வயது தாண்டி நிற்பதுண்டு.

மாஸ்டர் சான்றிதழ் வாசல்படி மட்டும்தான். துறைமுகத்தில் சேர்ந்த பிறகு பயிற்சிக் காலம், சாதாரணமாக ஆறு மாதம், லைசென்ஸ் உள்ள பைலட்டுகளோடு ஏறி இறங்கிப் பழக வேண்டும். பகலில், இரவில், கச்சான் வீசும் ஆனி ஆடியில், வாடை காலத்தில், நுழைவு, வெளியேற்றம், கப்பல் கட்டி நிற்கும் தளத்தை மாற்றுதல் என எல்லா வகையும் பதிவேட்டில் ஏற வேண்டும். பிறகு துறைமுகத்தின் கப்பல் பிரிவுத் தலைவரான டெபுட்டி கன்சர்வேட்டர் தலைமையில் குழு உட்கார்ந்து தேர்வு நடத்தும். பெருந்துறைமுகங்களின் பைலட் அங்கீகார ஒழுங்குவிதிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. தேர்வுக்கு உரியவை அந்தத் துறைமுகத்தின் கப்பலோட்ட விதிகள், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலும் திசையும் தூரமும், வேலியேற்ற இறக்கம், ஆழமும் அடிமண்ணின் தன்மையும், நங்கூரமிடும் இடங்கள், பாறைகள், திட்டுகள், கரை அடையாளங்கள், வழி காட்டும் மிதவைகள், விளக்குகள், நீரோட்டத்தில் கப்பலை நங்கூரத்தில் நிறுத்தி எடுப்பது, கட்டுவது, அவிழ்ப்பது, எல்லா நிலைமையிலும் கையாள்வது. வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் தேர்வு அல்ல. வெற்றுத் தாளில் கப்பல் போகும் வாய்க்கால், மிதவை, விளக்கு, ஆழம் எல்லாம் மனப்பாடமாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத் தயாராக வேண்டும். கண் பரிசோதனை தனி. நிறக்குருடு கொஞ்சம் இருந்தாலும் அங்கேயே முடிந்தது. சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. தேர்ந்த பிறகும் முழு அதிகாரம் ஒரேயடியாகக் கிடைக்காது. சிறிய கப்பல்களில் தொடங்கி, நீளமும் டன்னும் படிப்படியாகக் கூடும்.

லைசென்ஸ் வைத்திருப்பவருக்குக் கடமைகளும் ஒழுங்குவிதியில் எழுதியே இருக்கும். புறப்படுமுன் நங்கூரம் தயாராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, மிதவை இடம் மாறியிருந்தாலோ விளக்கு அணைந்திருந்தாலோ உடனே தெரிவிப்பது, விபத்து நடந்தால் எழுத்தில் அறிக்கை கொடுப்பது, கேப்டனிடமும் உரிமையாளரிடமும் மரியாதையாக நடப்பது, வேலையை விட்டால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பது. ஐ.எம்.ஓ. என்ற பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2003 டிசம்பரில் ஏற்ற ஏ.960 தீர்மானம் இதற்கு மேல் ஒன்றைக் கேட்கிறது: ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் பைலட்டின் திறமையும் உள்ளூர் அறிவும் குன்றாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும், நீண்ட நாள் வேலைக்கு வராதவர் திரும்பும்போது இடத்தை மறுபடி பழகியாக வேண்டும். இது பரிந்துரைதான், சட்டம் அல்ல. ஆனாலும் விபத்து விசாரணையில் முதலில் எடுத்து வைத்து அளக்கும் படி இதுவாகத்தான் இருக்கும்.

எதற்கு இவ்வளவு உள்ளூர் அறிவு என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன், ஏனென்றால் சட்டத்தின் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய இரண்டு அலைதடுப்புகளுக்கு நடுவே இருக்கிறது. வடக்கே உள்ளது 4 கிலோமீட்டர் சொச்சம், தெற்கே உள்ளது அதைவிடச் சற்றுக் குறைவு, இடையில் 1,275 மீட்டர். இங்கே வேலியேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. ஹூக்ளியில் போல ஏற்றத்துக்குக் காத்திருந்து ஆழம் சம்பாதிக்க முடியாது. ஆகவே கப்பல் தானாகக் கீழே அமுங்குவதை அடக்குவதுதான் பைலட்டின் கையில் உள்ளது. ஆழம் குறைந்த வழியில் கப்பல் ஓடும்போது அடியில் நீர் வேகமாக ஓடி அழுத்தம் குறைவதால் கப்பல் அமிழும். இதை ஸ்குவாட் என்பார்கள். குறுகிய வழியில் இதற்கான எளிய கணக்கு: கப்பலின் பருமக் கெழுவை (மூழ்கிய பகுதி தன் அளவுள்ள செவ்வகப் பெட்டியை எவ்வளவு நிரப்புகிறது என்ற விகிதம்) நாட் கணக்கில் உள்ள வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; விடை மீட்டரில் வரும். நிலக்கரிக் கப்பலின் கெழு 0.8 என்று வையுங்கள். 8 நாட் வேகத்தில் 1.02 மீட்டர் அமிழும். 6 நாட்டில் 58 சென்டிமீட்டர்தான். எடுத்துக்காட்டாக 14.5 மீட்டர் ஆழ வழியில் 13 மீட்டர் டிராஃப்ட்டோடு (நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழம்) வந்தால், அடியில் உள்ள ஒன்றரை மீட்டரில் 8 நாட்டில் மிஞ்சுவது 48 சென்டிமீட்டர். இந்த நிலையில் சுக்கானைத் திருப்பும்போது 32 மீட்டர் அகலக் கப்பல் வெறும் 2 பாகை சாய்ந்தாலே அதன் ஓரம் 56 சென்டிமீட்டர் இறங்கும். தரை தட்டிவிட்டது. வேகத்தை 6-க்கு இறக்கியிருந்தால் அதே சாய்வில் 36 சென்டிமீட்டர் கையில் நின்றிருக்கும்.

அப்படியானால் மெதுவாகவே போகலாமே என்றால், அங்கே காற்று நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே தென்மேற்குக் காற்று இந்தக் கரையிலும் வீசும். மெதுவாகப் போகும் கப்பலுக்குச் சுக்கான் பிடிமானம் குறையும், காற்று பக்கவாட்டில் தள்ளும். காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி 18-ஆல் வகுத்தால், காற்று படும் ஒவ்வொரு 1,000 சதுர மீட்டருக்கும் எத்தனை டன் தள்ளல் என்று வரும். வினாடிக்கு 15 மீட்டர் காற்று, 4,000 சதுர மீட்டர் பக்கமுள்ள கன்டெய்னர் கப்பல் என்றால் 50 டன். 50 டன் இழுவிசையுள்ள ஒரு டக் (இழுவைப் படகு) முழு மூச்சாகத் தள்ளினால் காற்றுக்குச் சமமாக நிற்கும், அவ்வளவுதான். கப்பலைத் தளத்துக்கு நகர்த்த இன்னொன்று வேண்டும். எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு இந்தக் காற்று எழும், எந்த மிதவைக்கு அப்பால் திரும்ப வழியில்லை என்பதெல்லாம் வெளியூர் கேப்டனுக்குத் தெரியாது. சட்டம் உள்ளூர்க்காரரை மேலே ஏற்றச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கேள்வி, தட்டினால் யார் பொறுப்பு. இங்கே நிச்சயமானதையும் வழக்கில் இழுபடுவதையும் பிரித்தே சொல்ல வேண்டும். நிச்சயமானது: பைலட் ஏறியதால் கேப்டனின் பொறுப்பு கீழே இறங்கிவிடுவதில்லை. எஸ்.டி.சி.டபிள்யூ. இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பைலட்டின் கடமைகள் எதுவாக இருந்தாலும் அவர் மேலே இருப்பது கேப்டனையோ வாட்ச் அதிகாரியையோ கப்பலின் பாதுகாப்புக் கடமையிலிருந்து விடுவிக்காது. 1908 சட்டத்தின் 31-ஆம் பிரிவும் கட்டாயப் பைலட் இருந்தபோது நேர்ந்த சேதத்துக்கு, அவர் இல்லாதிருந்தால் எப்படியோ அப்படியே உரிமையாளரும் கேப்டனும் பதில் சொல்ல வேண்டும் என்றது. உலகம் முழுவதும் பெரும்பாலும் இதே வழக்கம். பனாமா கால்வாய் தனி. அங்கே கப்பலின் ஓட்டம் பைலட்டின் கட்டுப்பாட்டுக்கே போய்விடுகிறது.

ஆனால் பைலட் வெறும் ஆலோசகர், கேட்டால் கேட்கலாம் விட்டால் விடலாம் என்று சில கேப்டன்கள் பேசுவது தவறு. கட்டாயப் பைலட் இருக்கும்போது சுக்கானும் எந்திரமும் அவர் சொற்படிதான் நடக்கும். இங்கிலாந்துச் சட்டம் பைலட்டை, கப்பலைச் சேராதவர், ஆனாலும் கப்பலின் ஓட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் என்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடத் துல்லியமான வரையறை இல்லை. பைலட் குடித்திருந்தாலோ, நிதானம் தவறியிருந்தாலோ, கண் எதிரே ஆபத்தை நோக்கிப் போனாலோ கேப்டன் கட்டளையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், எடுத்தே ஆக வேண்டும். எடுத்த நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் விசாரணையில் இருவரும் மாறி மாறி விரல் நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

இழுபடுவது எது என்றால், பைலட்டின் தவறுக்கு அவரை வேலைக்கு வைத்த துறைமுகம் நஷ்டஈடு தர வேண்டுமா என்பது. 1978-ல் ஷெட்லாந்தின் சல்லம் வோவில் எஸ்ஸோ பெர்னீசியா என்ற எண்ணெய்க் கப்பல் தளத்தில் மோதிய வழக்கில், பைலட் தன் தொழிலைச் சுதந்திரமாகச் செய்பவர், அவருடைய கப்பலோட்டத் தவறுக்குத் துறைமுகம் பொறுப்பல்ல என்று இங்கிலாந்தின் உச்ச நீதிபதிகள் சொன்னார்கள். நம் நீதிமன்றங்களில் அந்த வாதத்தை வைக்கலாம்; ஆனால் அது இங்கே கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. பைலட்டின் சொல் தவறா, அல்லது டக் பழுதா, மிதவை இடம் மாறியதைத் துறைமுகம் அறிவிக்காததா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பைலட் என்றால் ஒப்பந்த வாசகமும் சேரும். அந்தக் கட்டத்தில் கடல்சார் வழக்கு பார்க்கும் வக்கீலிடம் தாள்களோடு போக வேண்டும்; பொதுப் பதிலை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பணப் பொறுப்பு எங்கே போனாலும் குற்றப் பொறுப்பு ஆளோடு நிற்கும். அசட்டையாகக் கப்பலை நடத்தி உயிருக்கு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 282-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது கேப்டனுக்கும் பொருந்தும், பைலட்டுக்கும் பொருந்தும். துறைமுகம் நடத்தும் துறைசார் விசாரணையில் லைசென்ஸ் நிறுத்தமோ ரத்தோ இதற்கு அப்பால்.

அதனால்தான் பைலட் மேலே வந்த முதல் சில நிமிடங்கள் சட்டரீதியாகவும் கனமானவை. கப்பலின் பைலட் கார்டில் முன் டிராஃப்ட், பின் டிராஃப்ட், எந்திரத்தின் எந்தச் சுற்றுக்கு எத்தனை நாட், பின்னோட்ட வலு, கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் வேலை செய்கிறதா, ஏதாவது பழுதா என்று இருக்க வேண்டும். பைலட் தன் பக்கத்திலிருந்து வழி, வேகம், அடியாழம், டக் எத்தனை, எங்கே கட்டுவது, எந்தக் கயிறு முதலில் போகும், திரும்பிவிடக்கூடிய கடைசி இடம் எது என்று சொல்ல வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட அந்தத் தாள் பின்னால் பெரிய சாட்சி. அவசரத்தில் வெறுமனே கையெழுத்து மட்டும் மாறிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. எந்திரம் பின்னோட்டத்துக்கு மாற அரை நிமிடம் தாமதிக்கும் என்ற ஒரு வரி சொல்லப்படாததால் தளம் உடையலாம்.

கயிற்று ஏணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பைலட்டுகள் உயிரை விடுவது பெரும்பாலும் அங்கேதான். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயத்தின் 23-ஆம் விதி இதற்கானது. ஏணியில் ஏற வேண்டிய உயரம் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாமலும் 9 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 9-ஐத் தாண்டினால் கப்பலின் சாய்படியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சாய்வு 45 பாகைக்கு மிகக் கூடாது, அதன் கீழ்த்தட்டு நீரிலிருந்து 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். படிகளுக்கு இடையே 31 முதல் 35 சென்டிமீட்டர். கீழ் நான்கு படி ரப்பராக இருக்கலாம். ஏணி புரளாமல் இருக்க 1.8 மீட்டர் நீளக் குறுக்குப் பலகைகள், முதலாவது கீழிருந்து ஐந்தாம் படியில், பிறகு ஒன்பது படிக்குள் ஒன்று. அருகில் விளக்கோடு உயிர்மிதவை, ஓர் அதிகாரி நேரில் நிற்க வேண்டும், அவர் கையில் பிரிட்ஜோடு (கப்பலை நடத்தும் மேல் அறை) பேச வாக்கி டாக்கி.

தவறுவது எங்கே? ஏணியைத் தூக்க உதவும் கயிற்றைக் கடைசிக் குறுக்குப் பலகைக்குக் கீழே கட்டிவிடுவார்கள். அது தொங்கி பைலட் படகில் சிக்கி ஏணியையே பிய்த்துவிடும். குறுக்குப் பலகைக்கு மேலே கட்டி, கப்பலின் முன்பக்கமாக இழுத்து வைக்க வேண்டும். இன்னொன்று, பக்கக் கயிற்றைக் கப்பலின் மேல்தளத்தில் உள்ள உறுதியான கண்ணில் கட்டாமல், ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தைப் போட்டுப் படியின்மேல் பாரத்தை ஏற்றிவிடுவது; ஆள் பாதி ஏறும்போது படியின் கட்டு நழுவி ஏணி சடாரென்று இறங்கும். வெயிலில் கிடந்து உள்ளே மக்கிய மணிலாக் கயிறு வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். ஆகவே தயாரிப்புத் தேதியும் பயன்பாட்டுக்கு வந்த தேதியும் உள்ள தகட்டைப் பார்க்க வேண்டும். ஏணி சரியில்லை என்றால் ஏற மறுக்கலாம். ஏ.960 தீர்மானம், கப்பலின் நிலை பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் பைலட் மறுத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம் என்று இடம் கொடுக்கிறது. கப்பல் காத்து நிற்கும் பணம் நாளொன்றுக்குப் பல லட்சம் என்று ஏஜெண்டு போனில் கத்துவார். கத்தட்டும்.

துறைமுகத்துக்கு வெளியே பைலட் இல்லை என்றேன். அங்கே ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிச் சென்ற மிதவைக் கலம், இழுத்த கயிறு அறுந்து அணுமின் நிலையத்துக்கு அருகே பாறையில் சிக்கியது. அப்படிப்பட்ட பயணத்தில் கயிற்றின் வலு, வானிலை, வழி எல்லாவற்றுக்கும் இழுவைக் கப்பலின் கேப்டனே பொறுப்பு. பைலட் லைசென்ஸ் அங்கே யாருக்கும் கவசம் ஆகாது.

மகன் இப்போது செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கடலோடியின் சேவையைப் பதியும் சி.டி.சி. புத்தகத்தில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தேதி, முத்திரை, கேப்டன் கையெழுத்தோடு சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனம் மூடிப்போன பிறகு ஒரு விட்டுப்போன முத்திரைக்காக ஆறு மாதச் சேவையைக் கணக்கில் சேர்க்க முடியாமல் அலைய வேண்டி வரும். நிறப்பார்வைச் சோதனையை ஒருமுறை பாளையங்கோட்டையிலோ மதுரையிலோ நல்ல கண் மருத்துவரிடம் தனியாகவே எடுத்துக்கொள்ளட்டும். குறை இருந்தால் இப்போதே தெரிவது மேல். கப்பலில் இருக்கும்போது பைலட் ஏறுகிற ஒவ்வொரு துறைமுகத்திலும், தூங்கப் போகாமல் பிரிட்ஜில் நின்று, அவர் எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கிறார், டக்கை எப்போது கூப்பிடுகிறார் என்று நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வரட்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் பேசுவதற்கு ஐ.எம்.ஓ. தரப்படுத்திய கடல்சார் ஆங்கிலச் சொற்றொடர்களை வாய்க்குப் பழக்கட்டும். மாஸ்டர் சான்றிதழ் கைக்கு வரும் ஆண்டில் எந்தத் துறைமுகத்தில் வேலை வேண்டும் என்று முடிவு செய்து, அந்தத் துறைமுகத்தின் பைலட் ஒழுங்குவிதியையும் அப்போதைய அறிவிப்பையும் டெபுட்டி கன்சர்வேட்டர் அலுவலகத்தில் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.